பல்கலைக்கழக ‘ஓப்பன் டே’க்களால் பள்ளி மாணவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிஎச்டி மாணவி. உங்கள் துறை ஆண்டுதோறும் ‘ஓப்பன் டே’ நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், திரவ நைட்ரஜனில் தோய்த்தெடுத்த பூ பொடிப்பொடியாக உடைவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த ஆண்டு அதை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. இதனால் ஒரு பிள்ளையாவது அறிவியல் பக்கம் வந்திருக்குமா, இல்லை இது சும்மா ஒரு நாள் கூத்தா, இளையவர்களை உருப்படியாக ஈடுபடுத்த வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் இதற்குள் இருக்கிறது. அந்த நாள் யாருக்காக நடக்கிறது? அதைத் தீர்த்துக்கொள்ளாமல் பயன் உண்டா இல்லையா என்று பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

நான் மூலக்கூறு உயிரியல் படித்தவன். ஆய்வகத்தை விட்டு விலகி, பல ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் அவுட்ரீச் வேலையையே, அதாவது ஆய்வை வெளியாரிடம் கொண்டுபோகும் வேலையையே, முழுநேரமாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் 10 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளோடுதான் பழக்கம். அதனால் நான் சொல்வது ஆய்வக அறிவியல் துறைகளுக்கு அதிகம் பொருந்தும். கணிதத் துறைக்காரர்கள் இதில் பாதியை மறுப்பார்கள், அவர்கள் மறுப்பிலும் நியாயம் இருக்கும்.

யாருக்காக என்பதிலிருந்தே தொடங்கலாம். ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறப்பதற்குப் பின்னால் பல கணக்குகள் உண்டு. நாளைக்கு விண்ணப்பம் போடப்போகும் மாணவர்களைப் பிடிப்பது ஒன்று. நிதி தரும் அமைப்புக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு பக்கத்தை நிரப்புவது இன்னொன்று. பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும் ஆர்.இ.எஃப். என்ற மதிப்பீட்டில், ஆய்வு சமூகத்தில் உண்டாக்கிய தாக்கத்துக்கு 2014-ல் 20 சதவீத எடை கொடுத்தார்கள். 2021-ல் அதை 25 சதவீதமாக உயர்த்தினார்கள். இப்படிப் பணமும் தரவரிசையும் சேரும்போது, மக்களிடம் போவது என்பது விருப்ப வேலையிலிருந்து கணக்குக் காட்டும் வேலையாகவும் மாறுகிறது. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வைப் பொதுமக்களிடம் விளக்கும் கடமை நமக்கு இருக்கிறது என்று மனதார நம்பிச் செய்பவர்களை எனக்குத் தெரியும். மாணவர் சேர்க்கைக்காக நடத்துவதிலும் பாவம் ஒன்றும் இல்லை. அதைச் சேவை என்ற பெயரில் நடத்திவிட்டு, சேவைக்கான பலன் ஏன் வரவில்லை என்று பிறகு வியப்பதுதான் கோளாறு. உங்கள் துறையில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். துறைத் தலைவரிடம் நேராகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

இனி, பிள்ளைகள் பக்கம். நம் துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இது: பிள்ளைகளிடம் குறைவது ஆர்வம் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-ல் ‘ஆஸ்பயர்ஸ்’ என்ற ஆய்வு தொடங்கியது. இங்கிலாந்துப் பிள்ளைகளை 10 வயதிலிருந்து 14 வயதுவரை பின்தொடர்ந்து கேள்வி கேட்டார்கள். அறிவியல் வகுப்பு பிடித்திருக்கிறது என்றார்கள், விஞ்ஞானிகள் உலகத்துக்கு நல்லது செய்கிறார்கள் என்றார்கள், வீட்டிலும் அறிவியலுக்கு மதிப்பு இருக்கிறது என்றார்கள். பெரும்பான்மையினர் சொன்னது இதுதான். ஆனால் விஞ்ஞானி ஆக ஆசையா என்று கேட்டபோது ஆமாம் என்றவர்கள் சுமார் 15 சதவீதம். பத்து வயதில் இருந்த அந்த அளவு பதினான்கு வயதிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதாவது, பிடித்திருக்கிறது, ஆனால் அது எனக்கானது இல்லை. எங்கள் கூடங்களிலும் பிள்ளைகளின் வாயிலிருந்து நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். ‘அதெல்லாம் நல்லா படிக்கிறவங்களுக்கு’ என்று மிகச் சாதாரணமாகச் சொல்வார்கள், வருத்தமே இல்லாமல்.

படம் வரையச் சொல்லும் ஆய்வுகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. ஒரு விஞ்ஞானியை வரை என்று சொல்லி டேவிட் சேம்பர்ஸ் திரட்டிய 4,807 படங்களின் முடிவு 1983-ல் வெளியானது. பெண் விஞ்ஞானியை வரைந்த படங்கள் 28. அந்த 28-ம் சிறுமிகள் வரைந்தவை. ஒரு சிறுவன்கூட வரையவில்லை. அதன்பின் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஐம்பதாண்டு அமெரிக்கத் தரவுகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஆய்வில், ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் சுமார் 70 சதவீதம் பெண்கள். அதே தொகுப்பில் பதினாறு வயதுப் பெண்கள் வரைந்ததில் பெண் விஞ்ஞானிகள் கால்பங்குதான். நடுவில் உள்ள பத்தாண்டுகளில் யாரோ அவர்களுக்கு எதையோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது பாடப்புத்தகம் மட்டும் இல்லை. வீடு, தொலைக்காட்சி, ஆசிரியர் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்பது, எல்லாம் சேர்ந்துதான்.

இதை ஓப்பன் டேக்குப் பொருத்திப் பாருங்கள். ஆர்வத்தைத் தூண்டுவோம் என்று சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே இருக்கிற ஆர்வத்தின் மேல் மறுபடி நெருப்பு வைக்கிறோம். குறையாக இருக்கும் இடம் வேறு. வீட்டில் அறிவியல் வேலை பார்ப்பவர் யாராவது இருக்கிறாரா, சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச்சு வருகிறதா, இந்தப் பாடத்தைப் படித்தால் ஆய்வகத்துக்கு வெளியிலும் பல வேலைகளுக்குப் போகலாம் என்று சொல்ல ஆள் இருக்கிறதா, இவற்றையெல்லாம் சேர்த்து ஆர்ச்சரின் குழு ‘அறிவியல் மூலதனம்’ என்று அழைத்தது. அது நிறைய இருக்கிற வீட்டுப் பிள்ளை எப்படியும் உங்கள் ஓப்பன் டேக்கு வரும், பெற்றோரே காரில் கூட்டிவருவார்கள், முன்வரிசையில் கைதூக்கும். உங்களுக்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் நாள் நன்றாகப் போனதாகத் தோன்றும். பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பற்றி மாலையில் யாருக்கும் நினைவிருக்காது. ஏற்கெனவே இருப்பவருக்கே மேலும் கொடுக்கும் வேலையை நாம் நல்ல மனதோடு செய்துகொண்டிருக்கிறோம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த, சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்.

‘மக்களுக்குத் தெரியாது, நாம் சொல்லிக்கொடுத்தால் தெளிந்துவிடுவார்கள்’ என்ற நினைப்பும் பழையது. லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்காக வால்டர் பாட்மர் தலைமையிலான குழு 1985-ல் கொடுத்த அறிக்கை ஏறக்குறைய அந்த நினைப்பில்தான் எழுதப்பட்டது: பொதுமக்களின் அறிவியல் புரிதலை உயர்த்த வேண்டும், அதைச் செய்வது விஞ்ஞானிகளின் கடமை. மறு ஆண்டே அதற்கு ஒரு சோதனை வந்தது. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு கதிரியக்கச் சீசியம் மழையோடு இறங்கிய இடங்களில் வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மேட்டுநிலமும் ஒன்று. ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் கணக்கு களிமண் நிலத்துக்கு உரியது. களிமண் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மட்கு நிறைந்த, அமிலத்தன்மை கொண்ட மேட்டுநில மண் அப்படிப் பிடிப்பதில்லை, புல் அதை இழுத்துக்கொண்டே இருந்தது. மண்ணும் மேய்ச்சலும் இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்று ஆட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-ல். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் இதை எழுதிய பிறகு, ஒருவழிப் பாடம் நடத்தும் போக்கை வெளிப்படையாக ஆதரிப்பவர் குறைந்துபோனார்கள். 2000-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழுவும் உரையாடல் வேண்டும் என்றே எழுதியது. ஆனாலும் ஒரு பள்ளிப் பேருந்து வளாகத்துக்குள் நுழைந்தால் போதும், நாம் எல்லோரும் மறுபடி 1985-க்குப் போய்விடுகிறோம்.

இதற்காக மேடை டெமோ வேண்டாம் என்று சொல்லவில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ல் தொடங்கி இன்றும் நடக்கின்றன. மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 ஆண்டுகள் அவற்றை நடத்தியிருக்கிறார். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைப் பெருமையாக மேற்கோள் காட்டுவோம். காட்டும்போது ஒன்றை விட்டுவிடுவோம். மெழுகுவத்தியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற வரிசையில் ஆறு சொற்பொழிவுகள். ஆறு நாட்களும் ஒரே மெழுகுவத்திதான்: மெழுகு எப்படித் திரியில் ஏறுகிறது, சுடரின் எந்தப் பகுதி சூடு, புகை என்ன, எரிந்தபின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது. நாம் ஒரே காலையில் முப்பது ஸ்டால் போட்டு ஆளுக்கு நான்கு நிமிடம் கொடுத்துவிட்டு, ஃபாரடேயின் வாரிசு என்கிறோம்.

நிதானமாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்ட்ராபெரியிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் டெமோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழத்தை நசுக்கி, பாத்திரம் கழுவும் சோப்பும் உப்பும் கரைத்த தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, ஜில்லென்ற ஆல்கஹாலை ஓரமாக மெல்ல ஊற்றினால், இரண்டும் சேரும் எல்லையில் வெள்ளையாக நூல்நூலாகத் திரண்டு வரும். அதைக் குச்சியில் சுற்றி எடுத்து ‘இதுதான் டிஎன்ஏ’ என்று காட்டினால் ஓ என்று சத்தம் வரும். அடுத்த குழுவைக் கூப்பிடுவோம். ஒருமுறை ஒரு சிறுமி நகரவே இல்லை. ‘இது டிஎன்ஏதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றாள். நியாயமான கேள்வி, அந்த வெள்ளைத் திரளில் டிஎன்ஏ மட்டும் இல்லை, பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளும் புரதமும் கலந்திருக்கும். ஸ்டாலில் இருந்த பிஎச்டி மாணவர் ‘புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் ‘நீயே சொல், எப்படிக் கண்டுபிடிக்கலாம்?’ என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘ஸ்ட்ராபெரி போடாம சோப்பும் உப்பும் மட்டும் வச்சுச் செஞ்சு பாக்கலாமா?’ என்றாள். செய்தார்கள். லேசாகக் கலங்கியது, நூல் வரவில்லை. ‘அப்போ பழத்துலேருந்துதான் வருது, ஆனா டிஎன்ஏன்னு இன்னும் தெரியல’ என்று பக்கத்தில் நின்ற பையன் சொன்னான். டிஎன்ஏவை மட்டும் வெட்டிப்போடும் நொதி ஒன்று உண்டு, புற ஊதா ஒளியை டிஎன்ஏ எந்த அலைநீளத்தில் உறிஞ்சும் என்று அளக்கும் கருவி உண்டு என்று பேச்சு அங்கிருந்து நகர்ந்தது. வரிசை நின்றுபோனது. ஒருங்கிணைப்பாளருக்கு எரிச்சல். ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிள்ளை கண்டுபிடித்தது அந்த எரிச்சலுக்கு நடுவில்தான். அட்டவணைப்படி நடந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஈடுபடுத்துவது என்ற பேச்சுக்கு வருகிறேன். ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை: பிள்ளைகளைப் பெரியவர்களின் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஒருவரை மேடையில் உட்காரவைப்பது. நம் ஓப்பன் டே புகைப்படங்களை எடுத்துவைத்து எது எந்தப் படி என்று பாருங்கள். பெரிய சைஸ் வெள்ளைக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டி, கையில் வண்ண நீர் நிரம்பிய குடுவையோடு நிற்கும் குழந்தை இரண்டாவது படி. ஏணியில் மேலே போகப் போக, எதை ஆராய்வது, எப்படி, முடிவை என்ன செய்வது என்ற தீர்மானங்களில் பிள்ளைகளுக்குச் சொல் இருக்கும். எல்லா நிகழ்ச்சியும் எட்டாம் படியில் நடக்க வேண்டும் என்று ஹார்ட்டும் சொல்லவில்லை. கீழ்ப்படியில் நின்றுகொண்டு மேல்படியின் பெயரைச் சொல்லாதிருந்தால் போதும்.

மேல்படிகள் சாத்தியமா என்றால், சாத்தியம். இங்கிலாந்தில் பிளாகாட்டன் என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் 8 முதல் 10 வயதுவரையுள்ள 25 பிள்ளைகள், யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த போ லாட்டோவோடு சேர்ந்து பம்பிள் தேனீக்களை ஆராய்ந்தார்கள். தேனீக்களால் புதிர் விடுவிக்க முடியுமா என்பது கேள்வி. வண்ண வட்டங்களில் சிலவற்றில் சர்க்கரை நீரும் சிலவற்றில் உப்பு நீரும் வைத்து, நிறத்தையும் அது இருக்கும் இடத்தையும் சேர்த்து வைத்துத் தேனீக்கள் பூவைத் தேர்ந்தெடுக்கக் கற்கின்றன என்று காட்டினார்கள். கட்டுரை 2010-ல் ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. படங்கள் வண்ணப் பென்சிலில், நடை பிள்ளைகளின் நடை, மேற்கோள் பட்டியலே கிடையாது. முந்தைய ஆய்வுகளோடு பொருத்திப் பார்க்கும் வேலையை வேறு இரண்டு விஞ்ஞானிகள் தனிக் குறிப்பாக எழுதிச் சேர்த்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, இதழ் பிள்ளைகளுக்காகத் தன் விதியைக் கொஞ்சம் வளைத்ததே தவிர, முடிவு புதியதா சரியானதா என்பதில் சலுகை தரவில்லை என்பதுதான். 2014 முதல் சேர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம் உயர்நிலைப்பள்ளி மாணவர் குழுக்களிடம் பரிசோதனைத் திட்டம் கேட்டுப் போட்டி நடத்துகிறது. வெல்பவர்கள் உண்மையான துகள் கற்றையில் தங்கள் பரிசோதனையைத் தாங்களே செய்கிறார்கள். அங்கும் கேள்வி அவர்களுடையது.

பொதுமக்கள் விஞ்ஞானிகளுக்குத் தரவு சேர்த்துத் தரும் ‘மக்கள் அறிவியல்’ திட்டங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2007-ல் தொடங்கிய ‘கேலக்ஸி ஸூ’வில் லட்சக்கணக்கான விண்மீன் மண்டலப் படங்களைப் பொதுமக்கள் வகைபிரித்தார்கள். ஹனி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, படம் ஒன்றில் யாருக்கும் விளங்காத பொருளைப் பார்த்து இது என்ன என்று கேட்டதில் புதிய வகை வான்பொருளே கண்டறியப்பட்டது. அருமையான திட்டம். ஆனால் அங்கே கேள்வி விஞ்ஞானிகளுடையது, உழைப்பு மற்றவர்களுடையது. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இப்படித் தரவு சேகரிக்கலாம், தப்பில்லை. அந்தத் தரவு எதற்குப் பயன்பட்டது என்று திரும்பி வந்து சொல்லும் பழக்கம் மட்டும் நம்மிடம் மிகக் குறைவு. பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இருப்பதில்லை.

பலர் யோசிக்காத வழி இன்னும் இரண்டு உண்டு. சிறார் மருத்துவ ஆய்வுகளில் இளையோர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. ஆய்வில் சேரும் குழந்தைக்குக் கொடுக்கும் தகவல் தாளை அவர்கள் வாசித்து, எந்த வரி புரியவில்லை, எந்த வரி பயமுறுத்துகிறது, எத்தனை தடவை ஊசி குத்துவது அதிகப்படி என்று சொல்கிறார்கள். ஆய்வின் வடிவமே அதற்கேற்ப மாறுகிறது. இங்கே இளையவர்கள் கூட்டம் சேர்க்க வரவில்லை, அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறார்கள். மற்றது நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970-களில் முளைத்த ‘அறிவியல் கடை’. ஊரில் ஒரு சங்கமோ குடியிருப்போ தங்கள் கேள்வியோடு வரும், இந்த ஓடை நீர் ஏன் நாறுகிறது என்பதுபோல. மாணவர்கள் அதைத் தங்கள் படிப்பின் பகுதியாகவே ஆராய்ந்து பதில் தருவார்கள். ஒரு பள்ளியும் அப்படிக் கேள்வியோடு வரலாம். உங்கள் துறையில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகலை மாணவர்களின் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைவது மிச்சம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் உண்டு. சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நிகழ்ச்சி பிள்ளையின் எதிர்காலப் படிப்பை மாற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பத்து வயதில் பார்த்த டெமோதான் என்னை இங்கே கொண்டுவந்தது என்று சொல்லும் பேராசிரியர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். அதே டெமோவைப் பார்த்துவிட்டு வேறெங்கோ போன மற்றவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை. முன்மாதிரி மனிதர்களைக் கூட்டிவந்தால் பலன் உண்டு என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு நேரானதில்லை. 2012-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அலங்காரமும் பெண்மையும் தூக்கலாகக் காட்டப்பட்ட பெண் விஞ்ஞானிகளைப் பற்றிப் படித்த சிறுமிகளில், அறிவியலில் ஏற்கெனவே நாட்டமில்லாதவர்களுக்கு அந்தத் தோற்றமும் அறிவியல் வெற்றியும் சேர்ந்து எட்டாத உயரமாகத் தெரிந்தது. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட மாட்டேன். இதற்கு மாறாக, 2016-ல் நியூயார்க்கில் 402 பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே போன்றவர்கள் பட்ட பாட்டைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண், அவர்களுடைய சாதனைகளை மட்டும் படித்தவர்களைவிடக் கூடியது. பின்தங்கியிருந்த மாணவர்களிடம் அது அதிகமாகத் தெரிந்தது. இதுவும் சில வாரக் கதை. பத்தாண்டு கழித்து என்ன ஆகும் என்பதற்கு இது பதில் ஆகாது. ஆனால் செலவில்லாத விஷயம் என்பதால் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்: மேடையேறும் ஆய்வாளர் தன் விருதுகளைப் பட்டியலிடுவதற்குப் பதில், இந்த மாதம் எந்தச் சோதனை ஓடவில்லை என்று சொல்லட்டும்.

இந்த ஆண்டு உங்களால் என்ன செய்ய முடியும்? ஓப்பன் டேயை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்காது, நிறுத்தவும் வேண்டாம். அதைச் சின்னதாக்குங்கள். ஸ்டால்களைப் பாதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் விடை இன்னும் தெரியாத ஒரு கேள்வியாவது இருக்கட்டும். பிள்ளைகள் ஊகிப்பதைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மிச்சமாகும் உழைப்பை ஒரே ஒரு பள்ளியில், ஒரே ஒரு வகுப்பில் போடுங்கள். வழக்கமாகப் பரிசு வாங்கும் பள்ளியாக அது இருக்க வேண்டாம். இதுவரை உங்கள் அழைப்புக்குப் பதில் போடாத பள்ளியாக இருந்தால் இன்னும் நல்லது, பதில் போடாததற்குப் பெரும்பாலும் பேருந்துச் செலவும் அனுமதிக் கடிதமும்தான் காரணமாக இருக்கும். முதல் தடவை நீங்கள் அங்கே போங்கள், எதையும் செய்து காட்டாமல். வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து, அவர் எந்தப் பாடத்தில் திணறுகிறார் என்று கேளுங்கள். நீங்கள் போனபின் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது அவர்தான். பிறகு மாதம் ஒருமுறை அதே இரண்டு மூன்று ஆய்வு மாணவர்கள் அதே வகுப்புக்குப் போகட்டும். ஆள் மாறக் கூடாது. மூன்றாம் தடவைதான் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும்: இதுக்கு எவ்வளவு சம்பளம், உங்க அம்மா அப்பா என்ன பண்றாங்க, ஃபெயில் ஆகியிருக்கீங்களா. பதில் சொல்லுங்கள். பாடத்தைவிட இந்தப் பதில்களைத்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த ஆய்வு மாணவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வரக் கூடாது. புகைப்படத்துக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வாங்குங்கள், வாங்கியபின்னும் பிள்ளை வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. மூடிய அறையில் அது ஆவியாகும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் பங்கைக் குறைத்துவிடும், காற்றோட்டம் பார்க்காமல் அதைத் திறக்காதீர்கள். கைதட்டல் கிடைக்கிறது என்று கூட்டத்தின் மேல் தெளிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை ஸ்டாலில் போடாதீர்கள்.

கருத்துப் படிவத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளியே போகும் வாசலில் சிரிக்கும் முகம், அழும் முகம் என்று பொத்தான் வைத்தால் சிரிக்கும் முகம்தான் அழுத்துவார்கள். பள்ளிக்கு ஒரு நாள் போகாமல் இருந்தாலே முகம் சிரிக்கும். அதைவிட, சில வாரம் கழித்து வகுப்பாசிரியர் மூலம் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: அன்று பார்த்ததில் வீட்டில் யாரிடமாவது எதையாவது சொன்னாயா, சொன்னால் என்ன? அதன்பின் நீயாகவே எதையாவது செய்து பார்த்தாயா? பதில் குறைவாகத்தான் வரும். வருகிற பத்துப் பதிலில் நீங்கள் அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வதென்று தெரிந்துகொள்வீர்கள்.

கடைசியாகத் துறைத் தலைவர். அவரிடம் பெரிய திட்டம் எதையும் கொண்டுபோக வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, அந்தப் பள்ளிக்குப் போகிற ஆய்வு மாணவர்களின் மணிநேரம், வகுப்பெடுக்கும் மணிநேரத்தைப் போல எழுத்தில் வேலையாகக் கணக்கில் வர வேண்டும்; இந்த வேலை பெரும்பாலும் இளையவர்கள் தலையிலும் பெண்கள் தலையிலும்தான் விழுகிறது, பதவி உயர்வு வரும்போது அதை யாரும் எண்ணுவதில்லை. இரண்டு, பிள்ளைகள் வளாகத்துக்கு வரும் நாளில் பேருந்துக்கான பணம். இந்த இரண்டும் கிடைக்காது என்றால் மாதாந்திர வருகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில் நின்றுபோகிற வருகை, தொடங்காமல் இருப்பதைவிட மோசம். பிள்ளைகள் அதைத் தங்கள் தகுதிக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் இந்த ஆண்டு ஓப்பன் டேயை நன்றாக நடத்திவிட்டு, பணம் கேட்கும் கடிதத்தை அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.